அழித்துவிட்ட சிஸ்டம் கோப்பைத் திரும்ப வைப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

கொக்குவிலில் போட்டோகொப்பிக் கடை வைத்திருக்கும் தம்பி ஒருவர் ஒரு நாள் விடியவே அழைத்தார். "அண்ணை, பிரிண்டர் ஒண்டும் எடுக்குதில்லை. வைரஸ் ஒண்டு இருந்தது, அதையும் அழிச்சுப்போட்டன். பிறகும் எடுக்குதில்லை." ஏ.எல். பரீட்சை நெருங்கிய நேரம். நான் போனபோது கடந்தகால வினாத்தாள் அச்செடுக்க வந்த பிள்ளைகள் வாசலில் நின்றார்கள்.

நடந்தது இதுதான். முதல்நாள் மாலை ஒரு பீடிஎஃப் அச்சு வரிசையில் சிக்கிவிட்டது. நீக்கினால் "டிலீட்டிங்" என்று காட்டிக்கொண்டே அசையாமல் நிற்கிறது. டாஸ்க் மனேஜரைத் திறந்தால் ஸ்பூல்எஸ்வி என்ற ஒன்று சிபியூவை விழுங்கிக்கொண்டிருக்கிறது. ஏதோ ஒரு வீடியோவில் அது வைரஸ் என்று சொல்லியிருந்தார்கள். வின்டோஸ் அதை அழிக்க விடவில்லை. அதையும் மீறி, கோப்பின் உரிமையாளர் பெயரைத் தன் பெயருக்கு மாற்றி, ஷிப்ட்டும் டிலீட்டும் சேர்த்து அழுத்தி அழித்துவிட்டார்.

அந்தக் கோப்புத்தான் அச்சு வேலைகளை வரிசைப்படுத்தி பிரிண்டருக்கு அனுப்புகிற ஸ்பூலர். அது போனதும் சேர்விசஸ் பட்டியலில் பிரிண்ட் ஸ்பூலரை ஸ்டார்ட் செய்தால் "எரர் 2, குறிப்பிட்ட கோப்பைக் காணவில்லை" என்ற பொருளில் ஆங்கிலத்தில் பதில் வருகிறது.

இந்த வகைப் பிழை வருடத்தில் பல தடவை என்னிடம் வருகிறது. ஒரு சின்னக் கோளாறைத் திருத்தப் போய், வின்டோசின் சொந்தக் கோப்பு ஒன்றை அழித்துவிட்டு, அதை இணையத்தில் தேடி இறக்கி இன்னும் சிக்கலாக்கி வைத்திருப்பார்கள். ஆனால் அழிந்த கோப்பு பெரும்பாலும் உங்கள் கொம்பியூட்டருக்குள்ளேயே இன்னொரு இடத்தில் இருக்கிறது. அங்கிருந்து எடுப்பதுதான் முறை. அதை எந்த ஒழுங்கில் செய்வது என்று கீழே எழுதுகிறேன். வின்டோஸ் 10, 11 இரண்டுக்கும் பொருந்தும்.

ஒரு குறிப்பு. கட்டளைகளைத் தொலைபேசியில் சொந்தக்காரருக்குச் சொல்லிக் கொடுப்பது போலத் தமிழ் ஒலியில் எழுதியிருக்கிறேன். அடிக்கும்போது ஆங்கில எழுத்தில் அடியுங்கள். "இடைவெளி" என்று நான் சொல்லும் இடத்தில் மட்டும் ஸ்பேஸ் பட்டனை ஒருதரம் தட்டுங்கள்.

முதலில் கையை எடுங்கள்

கொம்பியூட்டர் இன்னும் ஓடிக்கொண்டிருந்தால் ரீஸ்டார்ட் செய்ய வேண்டாம். அழிந்தது ஸ்பூலர் போன்ற ஒன்று என்றால் மறுபடி திறக்கும். திறப்பதற்கே தேவையான கோப்பு என்றால் திறக்காது. எது என்று உறுதியாகத் தெரியும்வரை அதை அப்படியே ஓட விடுங்கள்.

திரையில் உள்ள பிழைச் செய்தியைப் போனில் படம் எடுங்கள். கோப்பின் முழுப் பெயர், அது இருந்த போல்டர், பிழை எண் மூன்றும் வேண்டும். "ஏதோ டிஎல்எல் இல்லையாம்" என்று சொன்னால் யாராலும் உதவ முடியாது; டிஎல்எல் என்பது மென்பொருள்கள் பயன்படுத்தும் துணைக் கோப்பு வகை. ஒரு எழுத்து மாறினாலும் அது வேறு கோப்பு.

பிறகு உங்கள் சொந்தக் கோப்புகளைப் பென் டிரைவிலோ வெளி ஹார்ட் டிஸ்கிலோ கொப்பி செய்யுங்கள். கடைக் கணக்கு, பிள்ளைகளின் பாடக் குறிப்பு, கல்யாணப் படங்கள் எல்லாம். இனி வரும் படிகள் பெரும்பாலும் இவற்றைத் தொடுவதில்லை. ஆனாலும் கொப்பி இருந்தால்தான் மனம் பதறாமல் வேலை செய்ய முடியும்.

அடுத்தது பிட்லொக்கர், அதாவது டிஸ்கைப் பூட்டி வைக்கும் வின்டோஸ் வசதி. யாழ்ப்பாணத்தில் இதை நான் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. இங்கே நிறைய வீடுகளில் இருக்கும் லப்டொப் கனடாவில் இருந்தோ பிரான்சில் இருந்தோ சித்தப்பா, மாமி கொண்டுவந்து கொடுத்தது. புதிய லப்டொப்கள் பலவற்றில் டிஸ்க் தானாகவே பூட்டப்பட்டிருக்கும். பழுதுபார்க்கும் திரைக்குள் போனால் 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கும். அந்தச் சாவி, முதன்முதலில் லப்டொப்பைத் திறந்தவரின் மைக்ரோசொஃப்ட் கணக்கில் இருக்கும். அதாவது ரொறன்ரோவில் இருக்கும் சித்தப்பாவின் கணக்கில். செட்டிங்ஸில் "டிவைஸ் என்கிரிப்ஷன்" என்று தேடிப் பாருங்கள். ஒன் என்று இருந்தால் இப்போதே அவருக்கு அழைத்து, சாவியை எழுதி வாங்கி வையுங்கள். அங்கே நடுச்சாமம் என்றால் காலைவரை பொறுத்திருங்கள். சாவி இல்லாமல் அந்தத் திரையில் மாட்டிக்கொண்டால் சொந்தக் கோப்புகளும் சேர்ந்தே போகும்.

கிட்ட உள்ள இடங்களில் தேடுங்கள்

ரீசைக்கிள் பின்னைத் திறந்து பாருங்கள். இருந்தால் வலது கிளிக், ரிஸ்டோர். பழைய இடத்துக்கே போய்விடும். ஷிப்ட்டுடன் அழித்திருந்தாலோ கொமாண்ட் ப்ரொம்ப்டில் அழித்திருந்தாலோ அங்கே இருக்காது.

நீங்கள் அழிக்கவில்லை, தானாகக் காணாமற்போனது என்றால் அன்டிவைரஸைப் பாருங்கள். வின்டோஸ் செக்யூரிட்டியில் ப்ரொடெக்ஷன் ஹிஸ்டரி என்ற பகுதி இருக்கிறது. தடுத்து வைத்த கோப்புகளின் பட்டியல் அங்கே இருக்கும். பார்த்தவுடன் ரிஸ்டோரை அழுத்தாதீர்கள். கோப்பு எந்த போல்டரில் இருந்து பிடிபட்டது என்று முதலில் வடிவாகப் பாருங்கள். உண்மையான ஸ்பூல்எஸ்வி, சி டிரைவில் வின்டோஸ் போல்டருக்குள் சிஸ்டம்32 இல்தான் இருக்கும். அதே பெயரில் டவுன்லோட்ஸிலோ டெம்ப் போல்டரிலோ இருந்து பிடிபட்டிருந்தால் அது வேடம் போட்ட ஒன்று; அங்கேயே கிடக்கட்டும்.

பெயரைப் பார்த்துப் பயந்து நல்ல கோப்பை அழிப்பது புதிய கதை அல்ல. 2001 இல் சுல்ஃப்என்பிகே என்ற வின்டோஸ் கோப்பு வைரஸ் என்று ஒரு மின்னஞ்சல் உலகம் முழுக்கச் சுற்றியது. 2002 இல் ஜேடிபிஜிஎம்ஜிஆர் என்ற இன்னொரு கோப்பு. அதன் ஐகான் ஒரு கரடிப் பொம்மை என்பதால் பார்த்தவர்கள் உடனே நம்பி அழித்தார்கள். இரண்டும் வின்டோஸோடு வந்த கோப்புகள். அப்போது மின்னஞ்சலில் வந்தது, இப்போது வீடியோவில் வருகிறது.

கோப்பை அழிப்பதே சரியான மருந்தாக இருந்த சந்தர்ப்பமும் உண்டு. 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் பாதுகாப்பு மென்பொருளின் பழுதான அப்டேட் ஒன்றால், மைக்ரோசொஃப்டின் கணக்குப்படி சுமார் 85 இலட்சம் கொம்பியூட்டர்கள் நீலத் திரையில் நின்றன. அப்போது ஒரு குறிப்பிட்ட கோப்பை அழிக்கச் சொன்னது அதைச் செய்த நிறுவனமே. எந்த போல்டர், பெயர் எப்படித் தொடங்கும் என்பதுவரை துல்லியமாகச் சொன்னார்கள். உங்களுக்கு வரும் அறிவுரையிலும் அந்த அளவு துல்லியம் இருக்கிறதா, சொல்பவர் யார் என்று பாருங்கள்.

அது யாருடைய கோப்பு?

இதைக் கண்டுபிடிக்காமல் அடுத்த படிக்குப் போனால் நேரம் வீண். வின்டோஸ் தன் சொந்தக் கோப்புகளை மட்டுமே தானாகத் திருப்பித் தரும்.

எம்எஸ்விசிபி140, விசிரன்டைம்140 என்ற பெயர்கள் வந்தால் அவை விஷுவல் சி++ ரன்டைம் பொதியில் வருபவை. மைக்ரோசொஃப்டின் தளத்தில் இருந்து அந்தப் பொதி முழுவதையும் இறக்கி நிறுவுங்கள். 64 பிட் வின்டோஸ் என்றால் எக்ஸ்86, எக்ஸ்64 இரண்டையும் போடுங்கள். டி3டிஎக்ஸ்9 என்று தொடங்கும் கோப்புகள் பழைய டைரக்ட்எக்ஸ் பொதியில் இருப்பவை. 2010 ஜூன் வெளியீடு இன்றும் அதற்கு உதவும். ஒரு கேமின் போல்டருக்குள் இருந்த கோப்பு என்றால் அந்த கேமைத் திரும்ப நிறுவ வேண்டும். பிரிண்டர், வைஃபை, கிராபிக்ஸ் டிரைவர் கோப்பு என்றால் அதைச் செய்த நிறுவனத்தின் தளத்துக்குப் போக வேண்டும்.

எழுத்துருவும் கோப்புத்தான். லதா எழுத்துரு வின்டோஸ் 10 இலிருந்து தனித் தெரிவாகிவிட்டது. செட்டிங்ஸில் ஒப்ஷனல் ஃபீச்சர்ஸ் போய், தமிழ் சப்ளிமென்டல் ஃபொன்ட்ஸ் என்பதைச் சேர்த்தால் வந்துவிடும். பாமினி அப்படி அல்ல, அது வின்டோசினுடையதே இல்லை. அதை அழித்துவிட்டால் பழைய வினாத்தாள்களைத் திறக்கும்போது தமிழுக்குப் பதில் ஆங்கில எழுத்துகளும் குறிகளும் கலந்து நிற்கும். அந்த எழுத்துருவை வைத்திருக்கும் வேறொருவரிடம் கொப்பி வாங்குவதுதான் வழி.

டிஎல்எல் கோப்புகளைத் தனித்தனியாகத் தரும் இணையத்தளங்களை முற்றாகத் தவிருங்கள். யார் ஏற்றினார்கள், உள்ளே என்ன இருக்கிறது என்று உங்களால் சொல்ல முடியாது. நல்ல கோப்பாகவே இருந்தாலும் பதிப்பு பொருந்தாது. அதோடு ஒரு பெயர்க் குழப்பமும் சேரும். 64 பிட் வின்டோஸில் 64 பிட் கோப்புகள் இருப்பது சிஸ்டம்32 போல்டரில். 32 பிட் கோப்புகள் இருப்பது சிஸ்வாவ்64 போல்டரில். பெயரைப் பார்த்தால் தலைகீழாகத் தோன்றும், ஆனால் அப்படித்தான். 32 பிட் கோப்பைக் கொண்டுபோய் சிஸ்டம்32 க்குள் போட்டால் 0எக்ஸ்சி000007பி என்ற பிழை வரும். கொக்குவில் தம்பியும் இரவோடிரவாக அப்படி ஒரு தளத்தில் இருந்து ஸ்பூல்எஸ்வியை இறக்கி சிஸ்டம்32 இல் வைத்திருந்தார். அதை முதலில் அன்டிவைரஸால் பரிசோதித்து, பிறகு அகற்றிவிட்டுத்தான் நான் வேலையைத் தொடங்கினேன்.

முன்படலையும் பின்படலையும்

சி டிரைவில் வின்டோஸ் போல்டருக்குள் வின்எஸ்எக்ஸ்எஸ் என்று ஒரு போல்டர் இருக்கிறது. வின்டோசின் எல்லாப் பாகங்களும் இருக்கும் களஞ்சியம் அதுதான். சிஸ்டம்32 இல் நீங்கள் பார்க்கும் பெரும்பாலான கோப்புகள் தனிப் பிரதிகள் அல்ல. களஞ்சியத்தில் உள்ள அதே கோப்புக்கு இன்னொரு பெயர் மட்டுமே. ஒரு வளவுக்கு முன்படலையும் பின்படலையும் இருப்பது போல. முன்படலையைப் பிடுங்கி எறிந்தாலும் வீடு நிற்கிறது, பின்படலையால் போகலாம். சிஸ்டம்32 இல் கோப்பை அழித்தால் போவது ஒரு படலை மட்டும்.

இதில் இருந்து இன்னொன்றும் விளங்கும். கோப்பு அழியாமல் பழுதடைந்தால், உதாரணமாக டிஸ்க் பழுதாலோ எழுதும் நேரம் கரண்ட் போனதாலோ உள்ளடக்கம் கெட்டால், எந்தப் படலையால் போனாலும் அதே இடிந்த வீடுதான். ஆகவே அழிந்த கோப்பை மீட்பதைவிடப் பழுதான கோப்பை மீட்பது கடினம். அதற்கு வெளியில் இருந்து நல்ல பிரதி வேண்டும். எஸ்எஃப்சி, டிஸ்ம் என்று வின்டோஸிலேயே இருக்கும் இரண்டு பழுதுபார்க்கும் கருவிகள் ஏன் தேவை என்பதற்கும் இதுவே காரணம். எஸ்எஃப்சி களஞ்சியத்தில் இருந்து சிஸ்டம்32 ஐத் திருத்துகிறது. டிஸ்ம் களஞ்சியத்தையே திருத்துகிறது.

எஸ்எஃப்சி ஓட்டுவது

லப்டொப் என்றால் சார்ஜரில் போடுங்கள். பற்றரி செத்த பழைய லப்டொப்போ டெஸ்க்டொப்போ என்றால் யூபிஎஸ்ஸில் இணையுங்கள். நடுவில் கரண்ட் போனால் திருத்த வந்ததே பழுதாகிவிடும்.

ஸ்டார்ட் மெனுவில் சிஎம்டி என்று அடித்து, கொமாண்ட் ப்ரொம்ப்டின் மேல் வலது கிளிக் செய்து ரன் அஸ் அட்மினிஸ்ட்ரேட்டரைத் தெரிவு செய்யுங்கள். திறக்கும் கறுப்புத் திரையில் இதை அடியுங்கள்:

எஸ்எஃப்சி, இடைவெளி, /ஸ்கேன்நௌ

ஸ்கேனும் நௌவும் சேர்ந்தே வரும், நடுவில் இடைவெளி இல்லை. பிரான்சில் இருந்து வந்த லப்டொப் என்றால் விசைப்பலகை வேறு ஒழுங்கில் இருக்கும். அதில் சாய்கோடு, ஷிப்ட்டுடன் முக்காற்புள்ளி விசையை அழுத்தினால் வரும். ஜேர்மன் விசைப்பலகையில் ஷிப்ட்டும் 7 உம்.

வேகமான எஸ்எஸ்டி என்றால் சில நிமிடங்களில் முடியும். பழைய ஹார்ட் டிஸ்க் என்றால் அரை மணித்தியாலத்துக்கு மேலும் போகலாம். மூடாமல் விட்டுவிட்டு ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டு வாருங்கள்.

முடிவில் வரும் ஆங்கில வசனத்தைக் கவனமாக வாசியுங்கள். எந்த மீறலும் இல்லை என்று வந்தால், நீங்கள் அழித்தது வின்டோசின் பாதுகாக்கப்பட்ட கோப்பு அல்ல. முந்தைய பகுதிக்குத் திரும்பிப் போய் அது யாருடையது என்று மறுபடி தேடுங்கள். பழுதைக் கண்டு திருத்திவிட்டேன் என்று வந்தால் ரீஸ்டார்ட் செய்து பாருங்கள். பழுதைக் கண்டேன், சிலவற்றைத் திருத்த முடியவில்லை என்று வந்தால் களஞ்சியமே பழுது, டிஸ்ம் வேண்டும். ரீஸ்டார்ட் தேவைப்படும் திருத்தம் ஒன்று நிலுவையில் இருக்கிறது என்று வந்தால், கொம்பியூட்டர் திறக்கும் என்று நம்பிக்கை இருந்தால் ரீஸ்டார்ட் செய்துவிட்டு அதே கட்டளையை மறுபடி ஓட்டுங்கள்.

எந்தக் கோப்பு திருத்தப்பட்டது என்று அறிய வேண்டுமானால் வின்டோஸ் போல்டருக்குள் லொக்ஸ், அதற்குள் சிபிஎஸ் போல்டரில் சிபிஎஸ்.லொக் என்ற கோப்பு இருக்கிறது. அதை டெஸ்க்டொப்புக்குக் கொப்பி செய்து நோட்பேடில் திறந்து, சதுர அடைப்புக்குள் எஸ்ஆர் என்ற இரண்டு எழுத்தைத் தேடினால் எஸ்எஃப்சி எழுதிய வரிகள் மட்டும் வரும்.

கொக்குவில் கடையில் இந்த ஒரு படியிலேயே ஸ்பூல்எஸ்வி திரும்பி வந்துவிட்டது. இணையம்கூடத் தேவைப்படவில்லை.

டிஸ்ம்: களஞ்சியமே பழுதானால்

அதே கறுப்புத் திரையில்:

டிஸ்ம், இடைவெளி, /ஒன்லைன், இடைவெளி, /க்ளீனப்-இமேஜ், இடைவெளி, /ரிஸ்டோர்ஹெல்த்

டி, ஐ, எஸ், எம் என்ற நான்கு எழுத்தும்தான் டிஸ்ம். க்ளீனப்புக்கும் இமேஜுக்கும் நடுவில் சிறு கோடு வரும். இது வின்டோஸ் அப்டேட்டில் இருந்து நல்ல பிரதிகளை இறக்கும், ஆகவே இணையம் வேண்டும். 20 வீதத்திலும் 62.3 வீதத்திலும் அசையாமல் நெடுநேரம் நிற்பதை நிறையத் தடவை பார்த்திருக்கிறேன். நின்றுவிட்டது என்று மூடாதீர்கள். முடிந்ததும் எஸ்எஃப்சியை மறுபடி ஓட்ட வேண்டும். இதைப் பலர் மறந்துவிட்டு "டிஸ்ம் சரி என்று சொல்லுது, ஆனால் பிழை போகவில்லை" என்பார்கள். டிஸ்ம் களஞ்சியத்தைத் திருத்துகிறது. அங்கிருந்து கோப்பை எடுத்து சிஸ்டம்32 இல் வைப்பது எஸ்எஃப்சியின் வேலை.

0எக்ஸ்800எஃப்081எஃப் என்ற பிழை வந்தால் தேவையான கோப்புகளை அதனால் கண்டுபிடிக்க முடியவில்லை என்று பொருள். அப்போது வின்டோஸ் நிறுவும் ஐஎஸ்ஓ கோப்பைக் கொடுக்க வேண்டும். ஐஎஸ்ஓ பல ஜிபி வரும். உங்கள் பக்கேஜில் இரவு டேட்டா இருந்தால் இரவில் போட்டுவிட்டுப் படுங்கள். இறக்கியதை இரட்டைக் கிளிக் செய்தால் ஒரு புதிய டிரைவாகத் திறக்கும். அது இ டிரைவ் என்று வைத்துக்கொள்வோம். உள்ளே சோர்சஸ் போல்டரில் இன்ஸ்டோல்.விம் அல்லது இன்ஸ்டோல்.ஈஎஸ்டி இருக்கும். அதில் ஹோம், ப்ரோ என்று பல பதிப்புகள் எண்ணிட்டு அடுக்கப்பட்டிருக்கும். உங்களுடையது எத்தனையாவது என்று முதலில் பாருங்கள்:

டிஸ்ம், இடைவெளி, /கெட்-விம்இன்ஃபோ, இடைவெளி, /விம்ஃபைல்:இ:\சோர்சஸ்\இன்ஸ்டோல்.விம்

உங்கள் பதிப்பு 6 ஆவது என்று காட்டினால், முன்பு அடித்த ரிஸ்டோர்ஹெல்த் கட்டளையின் முடிவில் ஓர் இடைவெளி விட்டு இதைச் சேருங்கள்:

/சோர்ஸ்:விம்:இ:\சோர்சஸ்\இன்ஸ்டோல்.விம்:6, இடைவெளி, /லிமிட்அக்சஸ்

ஈஎஸ்டி கோப்பு என்றால் மூன்று இடத்திலும் கவனம்: விம்ஃபைல் என்ற சொல் அப்படியே இருக்கும், கோப்பின் பெயரிலும் சோர்ஸுக்குப் பின்னாலும் மட்டும் ஈஎஸ்டி என்று மாறும். ஐஎஸ்ஓவின் பதிப்பும் மொழியும் உங்கள் வின்டோஸோடு பொருந்த வேண்டும். பதிப்பை அறிய வின்வெர் என்று அடியுங்கள்.

வின்டோஸே திறக்கவில்லை என்றால்

லொகின் திரை வந்தால் ஷிப்ட்டை அழுத்தியபடி ரீஸ்டார்ட் கொடுங்கள். அதுவும் வராவிட்டால், திறக்கத் தொடங்கும்போது பவர் பட்டனை அழுத்திப் பிடித்து நிறுத்துங்கள். இப்படி இரண்டு மூன்று தடவை செய்தால் வின்டோஸ் தானாகவே பழுதுபார்க்கும் திரைக்குப் போகும். அங்கே ட்ரபிள்ஷூட், அட்வான்ஸ்ட் ஒப்ஷன்ஸ் போய் முதலில் ஸ்டார்ட்அப் ரிப்பேரை ஓட விடுங்கள். சரிவராவிட்டால் கொமாண்ட் ப்ரொம்ப்ட்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. இந்தத் திரையில் டிரைவ் எழுத்துகள் மாறியிருக்கலாம். வழக்கமாக சி என்பது இங்கே டி ஆக இருக்கலாம். பார்க்க எளிய வழி, நோட்பேட் என்று அடித்து எண்டர் தட்டி, ஃபைல் மெனுவில் ஓப்பன் கொடுத்து திஸ் பிசியைப் பார்ப்பது. வின்டோஸ், யூசர்ஸ் போல்டர்கள் எந்த டிரைவில் இருக்கின்றனவோ அதுதான் உங்களுடையது. எக்ஸ் என்று ஒரு டிரைவ் தெரியும். அது இந்தப் பழுதுபார்க்கும் திரையின் சொந்த டிரைவ், அதை விட்டுவிடுங்கள்.

உங்களுடையது டி என்றால்:

எஸ்எஃப்சி, இடைவெளி, /ஸ்கேன்நௌ, இடைவெளி, /ஓஃப்பூட்டிர்=டி:\, இடைவெளி, /ஓஃப்வின்டிர்=டி:\வின்டோஸ்

ஓஃப் என்பது ஓ, எஃப், எஃப். டிர் என்பது டி, ஐ, ஆர். இந்த இரண்டையும் சேர்க்காவிட்டால் எஸ்எஃப்சி உங்கள் வின்டோஸைப் பார்க்காது.

அப்டேட் நடந்துகொண்டிருக்கும்போது கரண்ட் போனதால் திறக்காமல் நிற்கிறது என்றால் வேறு மருந்து. அங்கே கோப்பு அழியவில்லை, பாதி வேலை தொங்குகிறது. அதைப் பின்வாங்கச் செய்ய:

டிஸ்ம், இடைவெளி, /இமேஜ்:டி:\, இடைவெளி, /க்ளீனப்-இமேஜ், இடைவெளி, /ரிவர்ட்பெண்டிங்ஆக்ஷன்ஸ்

பழைய குறிப்புகளில் ரெக்பேக் போல்டரில் இருந்து ரெஜிஸ்ட்ரியை, அதாவது வின்டோசின் அமைப்புகள் பதிவாகியிருக்கும் கோப்புகளை, கொப்பி செய்யச் சொல்லியிருப்பார்கள். வின்டோஸ் 10 இன் 1803 பதிப்பில் இருந்து அந்த போல்டரில் வின்டோஸ் தானாக எதையும் சேமிப்பதில்லை. அங்கே உள்ள 0 கேபி கோப்புகளை நல்ல ரெஜிஸ்ட்ரியின் மேல் கொப்பி செய்தால், இருந்ததும் போய்விடும்.

கையால் கொப்பி செய்வது

இதைக் கடைசிக்கு முந்தைய வழியாக வைத்திருங்கள். வின்வெரில் காட்டும் பதிப்பும் பில்ட் எண்ணும் ஒன்றாக இருக்கும் இன்னொரு கொம்பியூட்டரில் இருந்து, அதே போல்டரில் உள்ள அதே கோப்பைக் கொண்டுவரலாம். உங்கள் வின்எஸ்எக்ஸ்எஸ்ஸிலேயே தேடியும் எடுக்கலாம். ஒரே பெயரில் பல கோப்புகள் கிடைக்கும். எஃப், ஆர் என்ற ஒற்றை எழுத்து போல்டர்களுக்குள் இருப்பவை முழுக் கோப்புகள் அல்ல. அப்டேட்டுகளுக்கிடையில் மாறிய பகுதியை மட்டும் வைத்திருக்கும் சிறு துண்டுகள். அளவைப் பார்த்தாலே வித்தியாசம் தெரியும். அவற்றைக் கொப்பி செய்தால் வேலை செய்யாது. வின்எஸ்எக்ஸ்எஸ்ஸுக்குள் போனால் பார்ப்பதும் கொப்பி எடுப்பதும் மட்டும். இடம் பிடிக்கிறது என்று அங்கே எதையும் அழித்தால், இவ்வளவு நேரம் நான் சொன்ன பின்படலையும் போய்விடும்.

அழிந்த கோப்பை மீட்கும் ரிகவரி மென்பொருள்கள் பற்றியும் கேட்பார்கள். எஸ்எஸ்டியில் கோப்பை அழித்ததும் அந்த இடத்தை ட்ரிம் என்ற கட்டளை வெறுமையாக்கிவிடுவதால் பெரும்பாலும் ஒன்றும் கிடைக்காது. சிஸ்டம் கோப்புக்கு அந்த முயற்சியே வேண்டாம், நல்ல பிரதி உலகில் எத்தனையோ கொம்பியூட்டரில் இருக்கிறது.

மேலால் திரும்ப நிறுவுவது

எதுவும் சரிவரவில்லை, ஆனால் வின்டோஸ் திறக்கிறது என்றால் பழையதை அழிக்காமல் மேலாலேயே நிறுவலாம். வின்டோஸ் 11 இன் புதிய பதிப்புகளில் செட்டிங்ஸ், சிஸ்டம், ரிகவரி போனால் "ஃபிக்ஸ் ப்ரொப்ளம்ஸ் யூசிங் வின்டோஸ் அப்டேட்" என்று ஒரு தெரிவு இருக்கிறது. உங்கள் மென்பொருள், கோப்பு எல்லாம் அப்படியே இருக்க, வின்டோசை மட்டும் புதிதாக வைக்கும். அது இல்லாவிட்டால் ஐஎஸ்ஓவைத் திறந்து உள்ளே உள்ள செட்டப்பை ஓட்டுங்கள். கீப் பெர்சனல் ஃபைல்ஸ் அண்ட் அப்ஸ் என்ற தெரிவு வரவேண்டும்.

அந்தத் தெரிவு மங்கலாக, கிளிக் செய்ய முடியாமல் இருந்தால் பெரும்பாலும் மொழிதான் காரணம். பிரெஞ்சு வின்டோஸோடு வந்த லப்டொப்பில் திரையை ஆங்கிலத்துக்கு மாற்றி வைத்திருப்பீர்கள். அடியில் அது இன்னும் பிரெஞ்சுதான். ஆங்கில ஐஎஸ்ஓவைக் கொடுத்தால் மென்பொருள்களை வைத்திருக்க அது சம்மதிக்காது. கறுப்புத் திரையில் இதை அடித்துப் பாருங்கள்:

டிஸ்ம், இடைவெளி, /ஒன்லைன், இடைவெளி, /கெட்-இன்டெல்

இன்டெல் என்பது இங்கே ஐ, என், டி, எல் என்ற நான்கு எழுத்து. டிஃபோல்ட் சிஸ்டம் யூஐ மொழி என்ற வரியில் எஃப்ஆர் என்று வந்தால் பிரெஞ்சு ஐஎஸ்ஓ, டிஇ என்று வந்தால் ஜேர்மன் ஐஎஸ்ஓ இறக்குங்கள். சுன்னாகத்தில் ஒரு வீட்டில் இதைப் பார்க்காமல் ஆங்கில ஐஎஸ்ஓவை இரண்டு இரவாக இறக்கி வைத்திருந்தார்கள். மூன்றாவது இரவும் தேவைப்பட்டது. அதனால்தான் இறக்குவதற்கு முன்பே மொழியைப் பார்க்கச் சொல்கிறேன்.

வின்டோஸ் 10 க்கான வழக்கமான ஆதரவு 2025 ஒக்டோபர் 14 உடன் முடிந்தது. பழைய லப்டொப்பில் இந்த நிலைக்கு வந்துவிட்டீர்கள் என்றால், அது 11 க்குத் தகுதியானதா என்று இந்தச் சந்தர்ப்பத்தில் பார்த்துவிடுங்கள்.

கோப்பு வந்தபின்

ஆரம்பத்தில் இருந்த கோளாறு இன்னும் அப்படியே இருக்கும். கொக்குவிலிலும் ஸ்பூலர் வந்தது, சிக்கிய பீடிஎஃப் வரிசையில் அப்படியே நின்றது. அதற்கான சரியான வழி இதுதான். சேர்விசஸைத் திறந்து பிரிண்ட் ஸ்பூலரை ஸ்டொப் செய்யுங்கள். சி டிரைவ், வின்டோஸ், சிஸ்டம்32, ஸ்பூல், பிரிண்டர்ஸ் என்று உள்ளே போங்கள். எஸ்பிஎல், எஸ்எச்டி என்று முடியும் கோப்புகள் இருக்கும். அவற்றை மட்டும் அழியுங்கள். பிரிண்டர்ஸ் போல்டரையும் அதற்கு மேலே உள்ள எதையும் தொட வேண்டாம். பிறகு ஸ்பூலரை ஸ்டார்ட் செய்யுங்கள். எல்லாம் சேர்த்து இரண்டு நிமிட வேலை. முதல் வினாத்தாள் வெளியே வந்தபோது தம்பி ஒன்றும் பேசாமல் அதைக் கையில் எடுத்துப் பார்த்துக்கொண்டு நின்றார். ஓர் இரவு முழுக்க நித்திரை இல்லாமல் இருந்திருக்கிறார்.

உரிமையாளர் பெயரை மாற்றியிருந்தீர்கள் அல்லவா, அதையும் சரிபாருங்கள். கோப்பில் வலது கிளிக், ப்ரொபர்டீஸ், செக்யூரிட்டி, அட்வான்ஸ்ட். ஓனர் என்ற இடத்தில் ட்ரஸ்டட்இன்ஸ்டோலர் இருக்க வேண்டும். உங்கள் பெயர் இருந்தால் சேஞ்ச் அழுத்தி, என்டி இடைவெளி சேர்விஸ், பின்சாய்கோடு, ட்ரஸ்டட்இன்ஸ்டோலர் என்று ஆங்கிலத்தில் அடித்து ஓகே கொடுங்கள். அந்த உரிமை உங்களிடம் இருக்கும்வரை உங்கள் பெயரில் ஓடும் எந்த வைரஸுக்கும் அந்தக் கோப்பு திறந்த வளவுதான்.

பிறகு சிஸ்டம் ரிஸ்டோரைப் போட்டு வையுங்கள். பல கொம்பியூட்டர்களில் அது ஓஃபில்தான் இருக்கும். ஸ்டார்ட்டில் "கிரியேட் அ ரிஸ்டோர் பொயின்ட்" என்று தேடி, சி டிரைவைத் தெரிவு செய்து, கொன்ஃபிகரில் ஒன் செய்து, டிஸ்கில் 5 வீதம் ஒதுக்கி, கிரியேட் கொடுத்து ஒரு புள்ளியை இப்போதே எடுங்கள். இரவு டேட்டாவில் இறக்கிய ஐஎஸ்ஓவையும் அழிக்காமல் ஒரு பென் டிரைவில் போட்டு, அதன் மேல் வின்டோஸ் பதிப்பு, மொழி, இறக்கிய மாதம் மூன்றையும் எழுதி ஒட்டிவிடுங்கள்.